"தேவைக்கேற்ப"

திருத்தித் தரச் சொல்லி இன்று என்னிடம் வந்த உணவக மேலாளர் ஒருவரின் பணி ஒப்பந்தத்தில், பணிநேரம் என்ற இடத்தில் "தேவைக்கேற்ப" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

அந்தச் சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

காலையில் சரக்கு எண்ணி வாங்குவதும், இரவில் கல்லாக் கணக்கை முடித்துக் கதவைப் பூட்டுவதும் அவர் பொறுப்பு என்று அடுத்த பத்தியே சொல்கிறது. மேலாளர் என்று பெயர் சூட்டிவிட்டால் மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை என முதலாளிகள் பலர் நம்புகிறார்கள். ஆனால் பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்கள், பதவியின் பெயரை விட்டுவிட்டு, ஆள் எடுக்கவும் நீக்கவும் அவருக்கு உண்மையில் அதிகாரம் உண்டா, அல்லது நாளின் பெரும்பகுதி பரிமாறுவதிலும் பில் போடுவதிலும் கழிகிறதா என்பதையே பார்க்கின்றன.

கல்லாவில் குறையும் பணத்தை முழுவதும் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. (எழுதியவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.) சட்டம் பிடித்தத்துக்கு வரம்பு வைத்திருக்கும் இடத்தில், கையொப்பமே இருந்தாலும் அந்த வரி நிற்காது.

விலகுவதற்கான முன்னறிவிப்பு அவருக்கு 3 மாதம், நிர்வாகத்துக்கு 1 வாரம் என்றிருந்ததை இருவருக்கும் ஒன்றாக்கினேன்.

"தேவைக்கேற்ப" என்பதை அடித்து, வாராந்தர மணிக்கணக்குக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.