ரீஃப் டேங்க் (கோரல் வளக்குற கடல் தண்ணி தொட்டி) டைரி: தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?

8 ஜூன் 2024, சனி

டேங்க் 60 லிட்டர், பாறை மணல் எல்லாம் போக உள்ள நிக்கிற தண்ணி சுமாரா 50 தான். ஒரு ஜோடி க்ளவுன் மீன், அப்புறம் மெத்துன்னு இருக்குற சாஃப்ட் வகைல கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர் கோரல். கல்லு மாதிரி கூடு கட்டுற ஸ்டோனி கோரல் நம்ம நாட்டுல வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, அதனால அந்தப் பக்கமே போகல.

கொளத்தூர்ல ஒரு கடைல வாரா வாரம் 20% தண்ணிய மாத்திடுங்கன்னாரு. நாலு கடை தள்ளி இன்னொருத்தரு, மாசத்துக்கு ஒரு தடவை போதும் தம்பி, சும்மா சும்மா கைய விடாதீங்கங்குறாரு. ரெண்டு பேர் டேங்கும் ஜம்முனு இருக்கு, அதான் தொல்லையே. யார் பேச்சும் வேணாம், கொஞ்ச நாள் தண்ணி மாத்தாம, தீனியும் கூட்டாம குறைக்காம, நைட்ரேட் (தீனி, மீன் கழிவுல இருந்து தண்ணியில சேர்றது) எவ்ளோ ஏறுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். இன்னிக்கு 5 ppm.

11 ஜூன், செவ்வாய்

அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் வெயில் விடல. டேங்க் மேல ஃபேன் ஓடுறதால ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாயிடுது, போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயேதான் நிக்குது, 50 லிட்டர்ல ஒரு லிட்டர் போனா லிட்டருக்கு 35 கிராம்ல இருந்த உப்பு 35.7 ஆயிடும், ரெண்டு நாள் விட்டா 36ஐத் தாண்டும். பல பேர் இந்த ஆவியானதை ஊத்தி நிரப்புற டாப்-அப்பையும் தண்ணி மாத்துறதையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறாங்க. டாப்-அப் தினமும், வெறும் ஆர்ஓ தண்ணி. மாத்துறது வேற, உப்பு கலந்த தண்ணி. சின்ன டேங்க்ல நைட்ரேட்டை விட இந்த உப்பு ஏத்தம்தான் சீக்கிரம் கோரலை வாட்டும்.

நெம்மேலில கடல் தண்ணியில உப்பை எடுத்து குழாய்ல விடுறாங்க, நான் அதையே மறுபடி ஆர்ஓல வடிகட்டி, காசு குடுத்து உப்பு வாங்கிக் கலக்குறேன். நேரா கோவளம் போய் கேன்ல மொண்டுட்டு வந்தா என்னன்னு கேக்குறான் தம்பி. மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி கலந்து கரையோரம் உப்பு இறங்கிடும், கூட எதெது வருமோ. வேணாம்டா.

15 ஜூன், சனி

நைட்ரேட் 7. கலர் பாத்து சொல்ற கிட், 7ஆ 8ஆன்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கணும்.

22 ஜூன், சனி

9. ஆக வாரத்துக்கு 2 ஏறுது. இப்போ கணக்கு போடலாம்.

வாரம் 10% மாத்தினா நைட்ரேட் 20 வரைக்கும் மெதுவா ஏறி அங்க நின்னுடும், ஏன்னா 20ல 10% எடுத்தா போறது 2, அந்த வாரம் சேர்ந்ததும் 2. வாரம் 20%ன்னா 10லயே நின்னுடும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 20%ன்னா? சேர்றது 4, 20ல 20% எடுத்தா போறதும் 4, திரும்பவும் அதே 20! அப்போ வாரமா ரெண்டு வாரமாங்கிறது இல்ல விஷயம், மாசத்துல மொத்தம் எவ்ளோ தண்ணி போகுதுங்கிறதுதான். கடைக்காரங்க ரெண்டு பேரும் சரியா இருக்கறதுக்குக் காரணம், அவரவர் தீனி, அவரவர் மீன், நைட்ரேட் ஏறுற வேகமும் வேற வேறன்னு தோணுது.

ஆனாலும் நான் வாரா வாரம்தான் போவேன். லெதர் தோல் உரிக்கும்போது பக்கத்து கோரலுக்கு ஆகாத சமாச்சாரம் தண்ணியில கலக்கும், அதை உறிஞ்ச கார்பன் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்குறது நல்லது. ஒரேடியா நிறைய மாத்தினா உப்பு, சூடு ரெண்டும் குதிக்கும். அதுக்காக தினம் தினம் மாத்தி நைட்ரேட்டை ஜீரோவுக்கு இறக்கவும் கூடாது, ஜோவா பட்டினி கிடக்கும், டைனோங்கிற நுண்ணுயிர் வந்து மணல் மேல பழுப்பா படியும்.

15%ன்னு வச்சுக்கிட்டேன். 13 பக்கத்துல நிக்கணும். ஏழரை லிட்டர், கிட்டத்தட்ட 270 கிராம் உப்பு, நைட்டே கலக்கி பம்ப் போட்டு விட்டுடணும். அம்மா கேட்டுட்டு, "சனிக்கிழமையும் அதுவுமா ஏழரையா? ஞாயித்துக்கிழமைக்கு மாத்துடா"ன்னாங்க. சரின்னுட்டேன், எனக்கும் ஞாயிறுதான் வசதி.

30 ஜூன், ஞாயிறு

போன ஞாயிறும் இன்னிக்கும் மாத்தியாச்சு. லெதர் சுருண்டு மெழுகு மாதிரி இருக்கு, தோல் உரிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல, பம்பை கொஞ்சம் அது பக்கம் திருப்பி விட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

மாத்துறதுக்கு முன்னாடி நைட்ரேட் 10. கணக்குலயும் அதேதான் வந்துச்சு. அல்கலினிட்டி (கோரல் கூடு கட்ட எடுத்துக்கிற கார்பனேட் அளவு) 7.6 dKH, புதுத் தண்ணியில 8.5, 15% மாத்தினா ஏறுறது 0.13 தான். ஸ்டோனி வச்சிருந்தா இது எந்த மூலைக்கு, தனியா டோஸ் பண்ணணும். சாஃப்ட் கோரலுக்கு போதும். லெதர் விரிஞ்சிடுச்சு. அடுத்து மஷ்ரூமை லைட்டுல இருந்து கொஞ்சம் ஓரமா தள்ளணும், அதோட விளிம்பு வெளுக்குது.