6.81 லட்சம் கோடியும் ஒரு 20 மில்லிமீட்டர் பின்னும்

பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வாசித்து முடிந்ததும் கோவை, ஓசூர், திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: பாதுகாப்புத் துறைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? 2025-26 நிதியாண்டுக்கு அது 6,81,210 கோடி ரூபாய். அந்தத் தொகையைக் கேட்ட வேகத்தில் புதிய சி.என்.சி. மெஷினுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தப் பணத்தில் பட்டறை வாசல்வரை வருவது எவ்வளவு, எந்த வழியாக வருகிறது, வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம்.

முதலில் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓய்வூதியத்துக்கே 1,60,795 கோடி போய்விடுகிறது. சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும் இன்னொரு பெரும் பங்கு. ஆயுதம், விமானம், கப்பல் வாங்குவதற்கான மூலதனச் செலவு 1,80,000 கோடி. அதில் நவீனமயமாக்கலுக்கு 1,48,722 கோடி. இந்த நவீனமயமாக்கல் தொகையில் 75 சதவீதம், அதாவது 1,11,544 கோடி, உள்நாட்டு நிறுவனங்களிடம் வாங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டது. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான். ஆனால் மூலதனச் செலவில் பெரும்பகுதி முந்தைய ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்துக்கு இன்றைய பட்ஜெட்டிலிருந்தும் பணம் போகிறது. ஆகவே சப்ளையர் கவனிக்க வேண்டியது பட்ஜெட் நாளை அல்ல, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளை. 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தபோது, அதன் பின்னால் 200-க்கும் மேற்பட்ட உள்நாட்டு சப்ளையர்களுக்கு வேலை இருக்கும் என்று அரசே அறிவித்தது. ஒரு சின்னப் பட்டறைக்கு உரிய செய்தி என்றால் அதுதான். 2025 செப்டம்பரில் விமானம் கட்டும் பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல். பெற்ற 97 தேஜஸ் விமான ஆர்டரையும், அதன் மதிப்பு 62,370 கோடி, இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, அதை ஏனோ பலர் கவனிப்பதில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கும் கப்பலுக்கும் வேண்டிய உதிரிப் பாகங்கள், பழுதுபார்ப்பு, சீருடை, பேக்கிங் என்று வருவாய்க் கணக்கில் நடக்கும் கொள்முதல். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் கையேட்டின் கீழ் வரும் கொள்முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் கோடி ரூபாய். பெரிய ஏவுகணை ஒப்பந்தம் மூன்று நான்கு ஆண்டு பேச்சுவார்த்தையில் கிடக்கும். ஒரு டாங்கியின் ரப்பர் சீலும் புஷ்ஷும் பின்னும் வருடா வருடம் தேய்கின்றன, வருடா வருடம் வாங்கப்படுகின்றன. புதிதாக வருகிறவர் தொடங்க வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து. எது இறக்குமதியாகிறது, எதை உள்நாட்டில் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்ற பட்டியல் பாதுகாப்பு அமைச்சகம் 2020 ஆகஸ்டில் தொடங்கிய ஸ்ரீஜன் இணையதளத்தில் பொருள்வாரியாக இருக்கிறது. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவும், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் விற்பனையாளர் பதிவும் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. அவற்றுக்கு ஒரு வாரம் போதும்.

சின்னப் பட்டறைக்கு நேரடி வாடிக்கையாளர் பெரும்பாலும் ராணுவம் அல்ல. ஆவடியில் தலைமையகம் கொண்ட, டாங்கி செய்யும் ஏ.வி.என்.எல்., பெங்களூரு எச்.ஏ.எல்., மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், தனியார் பெரிய நிறுவனங்கள், அல்லது இவர்களுக்கு அசெம்பிளி செய்து கொடுக்கும் நடுத்தர நிறுவனங்கள்தான். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களான சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகியவற்றில் இப்படி நடுவில் நிற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அவர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தொடங்கினால் டெண்டர் காகிதம் குறைவு, பணமும் கொஞ்சம் சீக்கிரம் வரும். வரைபடத்தில் உள்ள கண்டிப்பு மட்டும் துளியும் குறையாது.

அந்தக் கண்டிப்பை ஒரே ஒரு பாகத்தை வைத்துப் பார்ப்போம். 20 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளம் உள்ள ஒரு பின், அதாவது பாகங்களைக் கோக்கும் உருண்டைத் துண்டு. இ.என்.24 எஃகு, கடினத்தன்மை ராக்வெல் சி 40-க்கு மேல், கிரைண்டிங், மேலே காட்மியம் பூச்சு 8 முதல் 12 மைக்ரான். விட்டத்துக்கு டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்படும் அளவு வித்தியாசம், எச்6 (சிறிய எழுத்து h). எண்ணிக்கை 200. நல்ல லேத்மேன் இருந்தால் ஒரு வாரத்தில் கடைந்துவிடலாம் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும்.

20 மி.மீ.க்கு எச்6 என்றால் 20.000 முதல் 19.987 வரை, மொத்தம் 13 மைக்ரான் இடைவெளி. 8 முதல் 12 மைக்ரான் பூச்சு இரு பக்கமும் ஏறும்போது விட்டம் 16 முதல் 24 மைக்ரான் கூடும். கிரைண்டிங்கில் 19.993-க்கு நிறுத்தி "நடுவில் இருக்கிறது, நல்ல சைஸ்" என்று பிளேட்டிங்குக்கு அனுப்பினால் திரும்பி வரும்போது 20.009-க்கும் 20.017-க்கும் இடையில் நிற்கும். 200-ம் ரிஜெக்ட். வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் "அளவுகள் பூச்சுக்குப் பின்" என்று இருக்கிறதா "பூச்சுக்கு முன்" என்று இருக்கிறதா என்பதைப் படிக்காததன் விலை இது. எழுதவே இல்லை என்றால், விலை கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும். பூச்சுக்குப் பின் என்றால் கிரைண்டிங் அளவை 19.971-க்கும் 19.976-க்கும் இடையில் பிடிக்க வேண்டும். 5 மைக்ரான் மட்டுமே இடம். அதற்கு எந்த கிரைண்டிங் மெஷின், எந்த மைக்ரோமீட்டர், யார் கை என்பதை அப்போதே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. இவ்வளவு கடினமான எஃகை காட்மியம் தொட்டியில் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்கிறது. அப்படியே விட்டால் பின் பார்க்கப் பளபளவென்று இருக்கும், வண்டியில் பாரம் ஏறிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து முன்னறிவிப்பில்லாமல் ஒடியும். பூச்சு முடிந்த 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் வேக வைக்க வேண்டும். இந்த அளவு கடினத்தன்மைக்குப் பல தரக் குறிப்புகள் கேட்பது 23 மணி நேரம். பிளேட்டிங் கடை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டியிலிருந்து எடுத்து, "காலையில் அடுப்பில் ஏற்றுகிறோம்" என்றால் அந்த லாட் போயிற்று. அதை எந்த அளவுக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தொட்டியிலிருந்து எடுத்த நேரம், அடுப்பில் ஏற்றிய நேரம், அடுப்பின் வெப்பநிலை வரைபடம் மூன்றையும் தர ஆய்வாளர் கேட்கிறார். அதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைப்பது பெரிய தவறு. அந்தப் பின்னை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் ஒரு மனிதர்.

மூலப்பொருளிலும் சிக்கல் உண்டு. 25 மி.மீ. கம்பியில் 125 மி.மீ. நீளம் வெட்டினால் ஒரு துண்டு 480 கிராம். சோதனைக்கு உடைக்க இரண்டு மூன்று, கழிவுக்கு ஐந்தாறு என்று 210 துண்டு எடுத்தாலும் 101 கிலோதான். மில் டன் கணக்கில்தான் தரும். கடைக்காரரிடம் வாங்கினால் கம்பி கிடைக்கும், அதோடு வரும் மில் சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கலில் வந்த எஃகு என்பதைச் சொல்லும் எண்) கம்பி முனையில் குத்தியிருக்கும் நம்பரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் வண்டியிலிருந்து இறக்கவே கூடாது. தர உறுதித் திட்டத்தில் மூலப்பொருள் சரிபார்ப்பு பெரும்பாலும் நிறுத்தப் புள்ளியாக இருக்கும். ஆய்வாளர் வந்து, மாதிரி வெட்டி, முத்திரை குத்தி, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே அடுத்த வேலை. மெஷின் சும்மா நிற்கிறதே என்று அவர் வருமுன் கம்பியைத் துண்டு போட்டுவிட்டால், ஒவ்வொரு கம்பியிலும் ஹீட் நம்பர் இருந்த முனை ஒரு துண்டில் போய்விடும், மற்ற துண்டுகளெல்லாம் அனாதை. உலோகம் முழுக்கச் சரியாக இருந்தாலும் நிரூபிக்க வழியில்லை. வெட்டும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளத்தை மாற்றிக் குத்துகிற பழக்கம் தொழிலாளி கையில் ஊற வேண்டும்.

வரிசையும் முக்கியம். டர்னிங், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், கிரைண்டிங்கில் ஏறிய இறுக்கத்தைத் தளர்த்தும் சூடேற்றல், காந்தத் துகள் சோதனை, காந்தம் நீக்கல், பிறகு பூச்சு, அடுப்பில் வேக வைத்தல், கடைசி அளவு. காந்தத் துகள் சோதனையைப் பூச்சுக்குப் பின்னால் தள்ளினால் கிரைண்டிங்கில் கருகி விழுந்த மயிரிழை விரிசல் பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும்.

முதல் மாதிரி ஆய்வில் வரைபடத்தின் ஒவ்வொரு அளவுக்கும் குறிப்புக்கும் வட்டமிட்டு எண் போட்டு, எதிரே கிடைத்த அளவு, அளந்த கருவி, அதன் கேலிப்ரேஷன் தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். இந்தச் சின்ன பின்னுக்கே 25, 30 எண் வரும். முனைச் சரிவு 1 மி.மீ., 45 டிகிரி என்பதைக்கூட அளந்து எழுத வேண்டும், "சரி" என்று போட்டால் திரும்ப வரும். மாதிரி ஒப்புதலாகி மொத்த உற்பத்திக்கு எழுத்து அனுமதி வரும்வரை மீதியை ஓட்டுவது பட்டறைக்காரரின் சொந்தப் பொறுப்பு. வாய்மொழியாக "ஓட்டுங்க சார்" என்று யார் சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் விலை போட வேண்டும். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர், ஆக வேண்டும் என்ற வேகத்தில் மெஷின் மணி நேரமும் கம்பி விலையும் மட்டும் கூட்டிப் போடுகிறவர்கள் முதல் ஆர்டரிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். விடுபடுவது எப்போதும் அதே சில தலைப்புகள்: ஆய்வகக் கட்டணம், ஆய்வாளருக்காகக் காத்திருக்கும் நாட்கள், உடைபடும் மாதிரிகள், தேவைக்கு மேல் வாங்க நேரும் மூலப்பொருள், துருப்பிடிக்காத பேக்கிங், மறு ஆய்வு. அதோடு பாங்க் கியாரண்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. ஆர்டர் கிடைத்த பின் கட்டும் செயல்திறன் பிணைத்தொகையிலிருந்து இல்லை. பொதுவாக ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம், அதுவும் வாரண்டி உட்பட எல்லாக் கடமையும் முடிந்து 60 நாள்வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். வங்கி அதற்கு மார்ஜின் பணத்தைப் பிடித்துவைக்கும். ஆர்டர் முடிந்து ஒன்றரை வருடமானாலும் அந்தப் பணம் வெளியே வராது.

தாமதத்துக்கான பிடித்தம் வழக்கமாக வாரத்துக்கு 0.5 சதவீதம், உச்சம் 10 சதவீதம். மூலப்பொருள் ஆய்வுக்கு இரண்டு வாரம், பிளேட்டிங் கடையில் ஒரு வாரம், மறு ஆய்வுக்கு மூன்று வாரம் போனால் 3 சதவீதம் கரைந்துவிடும். ஆய்வாளரை அழைத்துக் கடிதம் எழுதிய தேதி, அவர் வந்த தேதி இரண்டும் கோப்பில் இருந்தால் அந்த நாட்களுக்கு நீட்டிப்புக் கேட்கலாம். போனில் அழைத்திருந்தால் கேட்க ஆதாரமே இருக்காது. புதிய கையேட்டில் உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் பொருளுக்கு வளர்ச்சிக் கட்டத்தில் இந்தப் பிடித்தம் இல்லை என்றும், உருவாக்கியவருக்கு ஐந்து ஆண்டுவரை ஆர்டர் உறுதி தரலாம் என்றும் வைத்திருப்பது மிக நல்ல மாற்றம். முன்பு ஒருவர் இரண்டு வருடம் உழைத்து உருவாக்கிய பாகத்தை அடுத்த டெண்டரில் இன்னொருவர் பத்து ரூபாய் குறைத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. ஆனால் இந்த உறுதி தானாக வராது, டெண்டர் ஆவணத்தில் அந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். விலை போடும் முன் நடக்கும் டெண்டர் கூட்டத்திலேயே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ் தரும் 1.5 கோடி வரையிலான மானியமும், டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியும் சொந்தமாகப் புதுப் பொருள் வடிவமைக்கிறவர்களுக்கானவை. வரைபடத்துக்குக் கடைந்து கொடுக்கும் பட்டறை அவற்றின் பின்னால் ஓடி நாளைக் கழிக்க வேண்டாம்.

கடைசியாகப் பணம் வரும் விதம். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த 45 நாள் எந்த நாளிலிருந்து என்பதில்தான் வழக்கு வருகிறது. பொருள் ஏற்கப்பட்ட நாளிலிருந்து. பொருள் போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்பு நாள். மார்ச் மாதக் கடைசியில் ஸ்டோரில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, "வைத்துவிட்டுப் போங்கள், ரசீது பிறகு போடுகிறோம்" என்பார்கள். பொருள் இறங்கிவிட்டதே என்று டிரைவரும் கிளம்பிவிடுவார். டெலிவரி சலானின் நகலில் தேதி, கையெழுத்து, ஸ்டோர் முத்திரை மூன்றும் விழாமல் வண்டி அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்று கிளம்பும்போதே டிரைவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.