செவலை: ஏப்ரல், மே

ஏப்ரல் 27, ஞாயிறு
டெய்லர் நாடா கொண்டுபோய்ச் செவலைக் குதிரையை அளந்தாச்சு. நெஞ்சுச் சுற்றளவு 148 செ.மீ., தோள் முனையிலிருந்து புட்டத்தின் கடைசி வரைக்கும் 138. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் 254 கிலோ. குதிரையைப் பார்த்துக்கிற பாய் 300 இருக்கும் என்றார். நாடா பிடரி மேட்டுக்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டிப் போகணும்; குதிரை மூச்சை விட்டதும் படிக்கணும். பூச்சி மருந்து எடைக்கு ஏத்த அளவு. குறைச்சுக் கொடுத்தால் தப்பிச்ச புழு அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது.

ஏப்ரல் 28
கிளாண்டர்ஸ் என்கிற தொத்து நோய் இருக்கா என்று பார்க்க ரத்தம் எடுத்தாங்க. ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகுது.

ஏப்ரல் 29, செவ்வாய்
வேலூர் பக்கத்துப் பொய்கை ஊர்ச் சந்தை. மாடு, மாடு, மாடு. குதிரை பார்க்கணும்னா ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகணும். நூல் கயிறு மட்டும் வாங்கினேன். நைலான் கயிறு இழுத்தால் தோலை அறுத்துடும்.

மே 1
எட்டு வயசு என்று சொல்லியிருந்தாங்க. வாயைத் திறந்து பார்த்தேன். மேல் வரிசை வெட்டுப்பல்லில் கடைக்கோடிப் பல், அதன் வெளிப்பக்கம் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு பள்ளமாகத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. பத்து வயசு வாக்கில்தான் அது எட்டிப் பார்க்கும். பதினைந்தில் பாதிப் பல் வரைக்கும் இறங்கும், இருபதில் முழுசா. செவலைக்கு நகக்கண் அகலம்தான். அப்போ பதினொன்று வைக்கலாம். இன்னும் பத்து வருஷத்துக்கு மேலே நல்லா நடக்கும். எனக்கு வயசு ஒரு குறையே இல்லை. அப்பாகிட்டே இன்னும் சொல்லலை.

மே 4, அக்னி நட்சத்திரம்
சாயங்காலம் ஆறு மணிக்குள்ளே மூணு வாளி, ஒவ்வொண்ணும் 15 லிட்டர். உப்புக்கட்டியை நக்கிக்கொண்டே இருக்கு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன், உடனே படிஞ்சது. தண்ணி போதுது.

மே 5
மூக்கில் ஒண்ணும் வடியலை.

மே 8
கோ-4 புல், அதான் அந்தக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், குதிரைக்கு ஆகாதுன்னு பாய்கிட்டே எப்படிச் சொல்றது? பக்கத்து நிலத்தில் கறவை மாட்டுக்குப் போட்டது, சும்மாவே அறுத்துக்கச் சொல்றாங்க. கட்டுக் கட்டா வருது. மாட்டுக்குச் சரி. அதிலுள்ள ஆக்சலேட்டை மாட்டின் முதல் வயித்திலிருக்கிற நுண்ணுயிர்கள் உடைச்சுடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. ஆக்சலேட் போய்ச் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சுக்கும், ரத்தத்துக்குப் போக விடாது. உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். முகத்து எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கும், நடையில் நொண்டல் வரும். இங்கே அதுக்கு மேலே தவிடு வேற. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு ரொம்பக் குறைவு. கேடு ரெண்டு பக்கமும்.

கன்னத்தை ரெண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். சமமாத்தான் இருக்கு. நாளைக்கும் பார்க்கணும்.

மல்லாட்டைக் கொடிதான், நிலக்கடலைக் கொடி, சரியாகப் படுது. சுண்ணாம்புச் சத்து உண்டு, நம்ம பக்கம் கிடைக்காத பொருளும் இல்லை. பூஞ்சை பிடிச்சதோ தூசி பறக்கிறதோ கூடாது, கட்டைப் பிரிச்சு முகர்ந்து பார்த்துத்தான் போடணும். கால்வாசியில் தொடங்கிப் பத்து நாளில் மாத்தணும். ஒரே நாளில் மாத்தினால் குடல் தாங்காது. காய்ஞ்ச தீனி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ. கொள்ளு ஊறவெச்சு வேகவெச்சது, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். ஒரே தடவையில் கொட்டவே கூடாது.

பாய்கிட்டே சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் “கட்டு எங்கே கிடைக்கும் பாப்பா?” என்று கேட்டார்.

மே 11
ராத்திரி 11.40. மதியத்திலிருந்து லத்தி போடலை. முன்னங்காலால் தரையைப் பறிக்குது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்குது. தாடைக்கு அடியில் நாடி பிடிச்சேன், பதினைந்து நொடியில் பதினைந்து. அறுபது! நாற்பத்து நாலு தாண்டினாலே யோசிக்கணும். ஈறை அழுத்தி விட்டால் ரெண்டு நொடியில் சிவப்பு திரும்புது, அது நல்லது. வலது விலாவில் காது வெச்சால் சத்தமே இல்லை. இடது பக்கம் லேசா.

யாரோ மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தாங்க. வேண்டாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். மிரண்டு நிக்கிற குதிரைக்கு வாயில் ஊத்தினால் நுரையீரலுக்குப் போயிடும். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது வாய் வழியாத் திரும்பாது. டாக்டர் மூக்கு வழியாக் குழாய் விட்டுத்தான் ஊத்தணும். தீனி எல்லாம் எடுத்தாச்சு. மெதுவா நடத்துறோம். டாக்டர் காட்பாடி தாண்டிட்டாராம்.

மே 12
விடியல் 4.10. போட்டது! சின்னதா, கெட்டியா, ஆறு உருண்டை.

மத்தியானம் அதில் ரெண்டை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் தண்ணி ஊத்திக் கரைச்சுத் தொங்கவிட்டேன். கால் மணி நேரத்தில் கவர் மூலையில் மணல், ஒரு ஸ்பூன் அளவு. பாலாற்று மணல். கொட்டகைத் தரை முழுக்க அதுதான், மேலேயே புல்லைப் போடுறோம், தீனியோடு சேர்ந்து போகுது. இனிமேல் தீனி சிமென்ட் தொட்டியில், சுத்தி ரப்பர் பாய்.

மே 14
ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிக்கிற குதிரைகளைப் பார்த்துட்டு வந்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் கழுத்து வளைவில் கண்ணு நிக்குது.

மே 16
தாடைக்கு அடியில் கட்டி இல்லை. கால் தோலில் முடிச்சு இல்லை. மூக்கு சுத்தம். ஆனா இதெல்லாம் இல்லாமலும் கிளாண்டர்ஸ் இருக்கலாம், அதுக்காகத்தானே ரத்தம். மனுஷனுக்கும் தொத்தும். உறுதியானால் 2009 விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கொன்னுடுவாங்க, வைத்தியம் பார்க்க விடமாட்டாங்க. அம்மா “அந்தக் காகிதம் வர்ற வரைக்கும் அதோட மூக்குகிட்டே முகத்தைக் கொண்டுபோகாதே” என்றாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவறேன். முகத்தை மட்டும்தான் கஷ்டமா இருக்கு. அது தானாக் கொண்டுவந்து வைக்குது.

மே 17
லத்தி 8 தடவை. கவரில் மணல் அரை ஸ்பூன்.

மே 18
அப்பா கொட்டகைக்கு வந்தார். எதுவும் கேட்கலை. வாளியில் தண்ணி குறைஞ்சிருக்கு என்றார்.

மே 20
பின்னங்கால் குளம்பு சுத்தம் பண்ணினேன். குதிகாலிலிருந்து நுனி நோக்கித்தான் இழுக்கணும். அடியில் முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்கிற இடத்தின் பள்ளத்தில் கருப்பா, நாத்தமா கொஞ்சம். ஈரத்தில் நிக்கிறதால் வர்ற அழுகல். தண்ணித் தொட்டி வழியுது, அதை மாத்தி வைக்கணும். லாடம் எட்டு வாரம் தாண்டிடுச்சு, குளம்பு லாடத்தை மீறி வளர்ந்திருக்கு. நாளைக்குக் காலையில் லாடக்காரர் வர்றார். அதுக்குள்ளே பள்ளத்தைக் காய வைக்கணும்.