மெஹந்தி பழகுகிறீர்களா? முதலில் கலவையைப் பழகுங்கள்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் தேக்காவில் மெஹந்திக்கு வரிசை நிற்கும். ஹரி ராயாவுக்கு கேலாங் சிராயிலும் அப்படித்தான். மலாய்க்காரர்கள் ‘இனாய்’ என்பார்கள். இதைத் தொழிலாகச் செய்ய ஆசைப்படுபவர்கள் டிசைன் புத்தகத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள். கலவையில் தொடங்குங்கள். கோடு அறுவதும், ஓரம் பரவுவதும், நிறம் பிடிக்காததும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

கூந்தலுக்கு விற்கும் பொடி கொரகொரப்பாக இருக்கும், கோன் முனையை அடைத்துவிடும். கைக்கென்றே நைசாகச் சலித்த பொடியாகப் பார்த்து வாங்குங்கள். ராஜஸ்தானின் சோஜத் பொடிக்கு நல்ல பெயர் உண்டு. 100 கிராம் பொடிக்கு சுமார் 250 மில்லி எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ போதும். சாற்றை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் கெட்டியாகப் பிசைந்து, பிறகு சிறிது சிறிதாக இளக்க வேண்டும். அதோடு 25 மில்லி லாவெண்டர் தைலம். சர்க்கரை பல குறிப்புகளில் 30 கிராம் என்றிருக்கும். வறண்ட ஊருக்கு அது சரி. நம்மூர்ப் புழுக்கத்தில் சர்க்கரை ஈரத்தை இழுத்து, போட்ட கோடு கசிந்து ஒழுகும். 15 கிராமில் தொடங்குங்கள். காய்ந்ததும் வெடித்து உதிர்ந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டலாம்.

மூடிவைத்து ஆறு மணி நேரம் கழித்து உள்ளங்கையில் ஒரு பொட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் துடைத்தால் பளிச்சென்று ஆரஞ்சு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள். பிறகு நைலான் காலுறையில் பிழிந்து வடிகட்டினால் 25 கிராம் கோன் பதினைந்து வரை கிடைக்கும். உடனே ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் வீரியம் போய்விடும்.

ஆகவே, கடை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்து, ஒரு மணி நேரத்தில் கறுக்கும் கோனில் மருதாணியைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. ‘கருப்பு மெஹந்தி’யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேரும் பிபிடி (PPD) என்ற ரசாயனம்தான். அது கொப்புளம் கிளப்பும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தலைச்சாயம்கூடத் தொட முடியாமல் போகலாம். காசு எவ்வளவு கொடுத்தாலும் அதைப் போடாதீர்கள்.

இயற்கை மருதாணியும் எல்லோருக்கும் ஆகாது. ஜி6பிடி (G6PD) என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். சிங்கப்பூரில் 1965 முதலே பச்சிளம் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று சோதனை செய்கிறார்கள் என்பதால் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பிள்ளையின் கையைப் பிடிக்கும் முன் கேளுங்கள்.

இனி கைப்பழக்கம். கோன் முனை தோலில் உரசக் கூடாது. கோலத்தில் இழை இழுப்பது போல, சற்றே மேலிருந்து இழையைக் கீழே படியவிட வேண்டும். அழுத்தம் கட்டைவிரலில், ஓட்டம் மணிக்கட்டில். இழை அறுந்தால் கை வேகமாக ஓடுகிறது, அல்லது கோனில் காற்று. முடிவில் குமிழ் விழுந்தால் அழுத்தத்தை விடும் முன்பே கையைத் தூக்குகிறீர்கள். டிசைன் தாள்மேல் அக்ரிலிக் தகடு வைத்து அதன்மேல் தினம் அரை மணி நேரம் நேர்கோடு, வளைவு, துளி மட்டும் போடுங்கள், துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பூவும் மாங்காயும் அந்த மூன்றில் அடக்கம். தகட்டில் வருவது கையில் உடனே வராது. தோல் வளையும், வியர்க்கும். போடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், லோஷன் இருந்தால் நிறம் பிடிக்காது. ஏர்கானுக்கு நேர் கீழே உட்காரவைக்காதீர்கள், குளிர்ந்த கையில் நிறம் மங்கும்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் இருக்கட்டும். பிறகு சுரண்டி எடுக்க வேண்டும், அன்று முழுக்கத் தண்ணீர் படாமலிருந்தால் நல்லது. முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், 48 மணி நேரத்தில்தான் கருஞ்சிவப்பு ஏறும். உள்ளங்கையில் தோல் தடிப்பு, அதனால் அங்கே அடர்த்தி, புறங்கையில் வெளிறும். தீபாவளிக்கு முந்தின இரவு வருபவருக்கு, காலையில் ஆரஞ்சுதான் இருக்கும் என்பதைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.