ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்கு விஎம்மில் பழகுகிறீர்களா? நெட் எங்கே அறுகிறது என்று பாருங்கள்

பெங்களூருவின் பிடிஎம் லேஅவுட், மாரத்தஹள்ளிப் பக்கம் பிஜியில் தங்கி, ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்குத் தயாராகும் நம்மவர்கள் பலருக்கும் முதல் தலைவலி லினக்ஸ் அல்ல. "விஎம் (லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுது, நெட் வரலை" என்பதுதான். ரூம்மேட் சொல்லும் யோசனையும் எப்போதும் ஒன்றே: "அழிச்சிட்டு மறுபடி போடு." போடாதீர்கள். தேர்வில் 3 மணி நேரம்தான், 300க்கு 210 எடுத்தால் பாஸ். இன்டர்நெட் கிடையாது, மெஷினிலேயே இருக்கும் உதவிப் பக்கங்களான மேன் பேஜ்தான் துணை. ஐபி தப்பாகிவிட்டால் அதை நம்பி நிற்கும் மற்ற வேலைகளும் போய்விடும்.

முதலில் லேப். பிஜி வைஃபையில் பிரிட்ஜ் மோடை (விஎம் நேரடியாக வைஃபையில் தனிக் கருவிபோல் சேரும் முறை) நம்ப வேண்டாம். போன் நம்பர், ஓடிபி கேட்கும் வைஃபை ஒவ்வொரு மேக் முகவரியையும் (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) தனி ஆளாகப் பார்க்கும். பல இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே முடியாதபடி தடுத்தும் வைத்திருப்பார்கள். விஎம்மை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் முதல் அடாப்டரை நாட் (NAT, லேப்டாப் வழியாக வெளியே போகும்) மோடிலும் இரண்டாவதை ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்பும் விஎம்களும் மட்டும் பேசிக்கொள்ளும்) மோடிலும் வையுங்கள்.

நாட் மோடில் எந்த விஎம்மைப் பார்த்தாலும் 10.0.2.15 என்றே இருக்கும். கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தருவது) 10.0.2.3. இது ஐபி மோதல் அல்ல. ஒவ்வொரு விஎம்மும் தனித்தனி நாட் நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. அதனால்தான் வெளியே போக முடிகிறது, பக்கத்து விஎம்முக்குப் போக முடியவில்லை. அந்த வேலை ஹோஸ்ட்-ஒன்லியுடையது. அங்கே வழக்கமாக 192.168.56.0/24, லேப்டாப்புக்கு 192.168.56.1. டிஎச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுப்பது) கடைசி எண்ணை 101இலிருந்து கொடுக்கும் என்பதால், நீங்களே நிலையாக வைக்கும் ஸ்டாட்டிக் ஐபிக்குக் கடைசி எண் 10, 11 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அடாப்டரில் கேட்வே போடாதீர்கள். போட்டால் வெளியே போக வேண்டிய பாக்கெட் வாசல் இல்லாத பக்கம் போய் முட்டும். விஎம்மைக் குளோன் (நகல்) எடுக்கும்போது எல்லா அடாப்டருக்கும் புது மேக் முகவரி என்ற தேர்வைக் கொடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் ஓடினால், அதை நிறுத்திவிட்டு ஒருமுறை சோதியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் வசதித் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக்கை அதில் போடவே வேண்டாம்: கம்பெனிப் பயன்பாட்டுக்கு அது இலவசமில்லை, இந்த லேபுக்குத் தேவையும் இல்லை.

இனி சோதனை. கீழிருந்து மேலே போங்கள். 'ஐபி ஏ' அடித்தால் நோ-கேரியர் என்கிறதா? விஎம் செட்டிங்கில் கேபிள் கனெக்டட் டிக் போயிருக்கும். லிங்க் இருக்கிறது, ஆனால் ஐபிவி4 வரியே இல்லையா? டிஎச்சிபி பதில் தரவில்லை. (விண்டோஸ் விஎம் என்றால் இதே நிலையில் 169.254 என்று தொடங்கும்.) அடுத்து கேட்வேக்கு பிங், பிறகு 8.8.8.8, கடைசியில் ஒரு பெயர். எண் போகிறது, பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ். அதற்காக டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தினால், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் மேலெழுதிவிடும். அதன் கட்டளையான என்எம்சிஎல்ஐ (nmcli) வழியாகவே கொடுங்கள்.

பிங் போகிறது, சர்வீஸ் மட்டும் வரவில்லை என்றால், வரும் பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் மெஷின் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த போர்ட்டில் ஆள் இல்லை. சர்வீஸ் ஓடவில்லை, அல்லது 127.0.0.1இல் மட்டும் கேட்கிறது. எதிர்முனையில் 'எஸ்எஸ் -டிஎல்என்பி' (ss -tlnp, எந்த போர்ட்டில் எது கேட்கிறது என்று சொல்லும் கட்டளை) காட்டிக்கொடுக்கும். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்றதும் எல்லோரும் ரூட்டிங் டேபிளைக் குடைகிறார்கள். ஒரே சப்நெட்டில் பிங் போகும்போது இது வந்தால் பெரும்பாலும் எதிர் மெஷினின் தடுப்புச்சுவரான ஃபயர்வால்டி (firewalld) மறுத்து அனுப்பும் பதில்தான். அதில் --பெர்மனென்ட் ஆப்ஷனோடு சர்வீஸைச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். பிங்கும் போகவில்லையா? எதிர் மெஷின் அணைந்திருக்கிறது, அல்லது ஐபி தப்பு. 'டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் சத்தமில்லாமல் விழுந்திருக்கிறது. ஃபயர்வால்டியின் டிராப் ஸோனையும் (பதிலே சொல்லாமல் பாக்கெட்டைத் தூக்கிப்போடும் அமைப்பு) பதில் திரும்பி வரும் வழியையும் பாருங்கள்.

என்எம்சிஎல்ஐயில் மார்க் போகும் இடங்கள் தெரிந்தவைதான். ஐபிக்குப் பின் /24 விட்டுப்போனால் அது /32 என்று எடுத்துக்கொள்ளும். தன்னைத்தானே பிங் செய்யும், பக்கத்து மெஷினுக்குப் போகாது. பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதுதான் எரிச்சல். மெத்தடை மேனுவல் ஆக்காமல் முகவரி மட்டும் கொடுத்தால் டிஎச்சிபி ஐபியும் கூடவே தொங்கும். மேனுவலை முதலில் தனியாகக் கொடுத்தாலோ, முகவரி காலி என்று திட்டும். எனவே முகவரி, கேட்வே (ஹோஸ்ட்-ஒன்லியில் மட்டும் வேண்டாம்), டிஎன்எஸ், மெத்தட் எல்லாவற்றையும் ஒரே மாடிஃபை கட்டளையில் கொடுத்துவிட்டு 'கான் அப்' அடியுங்கள். 'ஐபி அட்ரஸ் ஆட்' வேண்டவே வேண்டாம், ரீபூட்டில் பறந்துவிடும். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்பதற்குத்தான் மார்க் என்பதால் ஆட்டோகனெக்ட் 'யெஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்.

பழக ஒரு வழி: ஸ்நாப்ஷாட் (விஎம்மின் இப்போதைய நிலையின் சேமிப்பு) எடுத்துவிட்டு ரூம்மேட்டிடம் விஎம்மைக் கொடுத்து ஏதாவது இரண்டைக் கெடுக்கச் சொல்லுங்கள். 10 நிமிடத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்து, ரீபூட் செய்து, எதையும் தொடாமல் பிங் போகிறதா பாருங்கள். கேபிள் டிக்கையும் ஒருமுறை எடுத்துவிடச் சொல்லுங்கள். கமாண்ட் எல்லாம் தெரிந்தவரும் அங்கேதான் அரை மணி நேரம் திணறுவார்.