சோற்றை மட்டும் திட்டி என்ன பயன்?

எங்கள் வீட்டில் உடம்பு இளைக்கும் பேச்சு எழுந்தால் முதல் அடி சோற்றுக்குத்தான் விழும். ரங்கூனில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். தட்டில் சோறு பாதியாகும், பக்கத்தில் குழம்பு மட்டும் எப்போதும்போல் இருக்கும். அதன் மேல் செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும். அதை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

நான் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு என்று மூட்டை மூட்டையாக ஏற்றுமதிக்குப் போகிற இடம். நாள் முழுக்க எடையும் விலையும் பார்க்கிற கண்ணுக்கு, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதும் வீட்டு மளிகை நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றியது. சாப்பிடுவதை வேளாவேளைக்குக் குறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடுப்படியில் நின்றபடி கொறிப்பதையெல்லாம் யார் எழுதுவது? ஆனால் வாங்கிய சாமான் நோட்டில் இருக்கிறது, அது பொய் சொல்லாது.

இங்கே எண்ணெய் வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு வீசை 1.63 கிலோ. நாங்கள் நான்கு பேர், ஒரு வீசை ஏறத்தாழ பத்து நாளில் தீர்ந்துவிடும். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 41 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. ஆக எண்ணெயில் மட்டும் 365 கலோரிக்கு மேல் உள்ளே போகிறது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி என்பதால், இது 280 கிராம் சோற்றுக்குச் சமம். நன்றாகக் குவித்த ஒரு தட்டுச் சோறு, யார் கண்ணிலும் படாமல், யார் வயிற்றையும் நிரப்பாமல்!

இன்னொரு விதமாகவும் பார்த்தேன். மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. எனக்கு டாக்டர் சொன்னது நாளைக்கு 1,600 கலோரி. அதில் 30 சதவீதம் 480, கிராமில் 53. வீட்டு எண்ணெயே 41 கிராமை எடுத்துக்கொண்டால் மீதி 12 கிராம்தான். மீன், முட்டை, வேர்க்கடலை, டீயில் ஊற்றும் பால், அத்தை தாளிக்கும் தேங்காய் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். எங்கே அடங்கும்?

கடலெண்ணெய்தானே, நல்லதுதானே என்பார் என் வீட்டுக்காரர். இதயத்துக்கு அவர் சொல்வது சரி. பாமாயிலில் ஏறக்குறைய பாதி, இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு, கடலெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் எடை என்று வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான், கிராமுக்கு அதே 9.

இதனால் சோறு அப்பாவி என்று ஆகிவிடாது. பவ்சான் அரிசிச் சோற்றில் மணத்துக்காகவே இரண்டாம் கை, மூன்றாம் கை போட்டுக்கொள்கிற ஆட்கள் நாங்கள். எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த மூன்றாம் கையை விடவில்லையென்றால் கணக்கு மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லி, ஓர் ஆண்டு கழித்து நிறுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. இரு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தது: காய்கறி நிறைய, சர்க்கரையும் வெள்ளை மாவும் முடிந்த மட்டும் குறைவு. அதனால் சோற்றுக் கட்சி, எண்ணெய்க் கட்சி என்று அடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எந்த இடத்தில் கைவைத்தால் பசி கத்தாமல் இருக்கிறதோ அங்கே குறைப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அது எண்ணெய்.

என் நாத்தனார் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். சோற்றை அடியோடு விட்டாள், இரண்டு வாரத்தில் தாவணி போட்ட வயதுக்குப் போய்விட்டதாகச் சொல்லித் திரிந்தாள். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போகிறது. தராசு இறங்கும்தான், இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. ஒரு கல்யாண வீட்டு டன்பவ் பிரியாணிக்குப் பிறகு அவள் தராசை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சரி, எண்ணெயைக் குறைப்பது சொல்வதுபோல் சுலபமா? பர்மியக் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் வெந்ததாக அர்த்தம். எங்கள் சமையலும் இத்தனை தலைமுறையில் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாவிடம் கேட்டால், எண்ணெய் மூடியிருந்தால் குழம்பு கெடாது என்பார். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஃபிரிட்ஜை நம்பிக் குழம்பு வைக்க முடியாதுதான். அதனால் சமைக்கும்போது சண்டை போடாமல், பரிமாறும்போது கரண்டியைச் சாய்த்து மேல் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்தேன். மறுநாள் அத்தை அதே கிண்ணத்தை எடுத்துக் கத்தரிக்காய் வதக்கினார்கள்.

"இவ்வளவு விலை கொடுத்து வாங்குன எண்ணெயைக் கொட்டுறதா?"

அவர்கள் கேட்பதும் நியாயம். அப்புறம்தான் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று காலையிலேயே ஒரு டம்ளரில் அளந்து வைக்கும் பழக்கம் வந்தது. நாள் முழுக்கச் சமையல் அதற்குள்தான். வதக்குவதற்கு முன் வெங்காயத்தில் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மூடி வைத்தால் பாதி எண்ணெயிலேயே வெங்காயம் குழைந்துவிடுகிறது. ருசியில் குறை சொன்னது வீட்டுக்காரர் மட்டும், அவர் எதற்கும் சொல்வார்.

குறைத்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமே. மண்டியில் வேலை, பருப்புக்கா பஞ்சம்? வேகவைத்த பருப்பு 100 கிராமில் 105 முதல் 120 கலோரி, 7 முதல் 9 கிராம் புரதம். அதே அளவு சோற்றில் புரதம் 3 கிராம்கூட வராது. பருப்பில் நார்ச்சத்தும் உண்டு, சீக்கிரம் பசிக்காது. சோறு ஒரு கை, பருப்பு இரண்டு கரண்டி, புளிச்சகீரைச் சாறு, ஙாப்பி என்கிற புளிக்கவைத்த மீன் விழுதோடு தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காயும் வேகவைத்த காயும். பர்மா சமையலை எண்ணெய் என்று நாம் குறை சொல்கிறோம்; இந்தப் பச்சைக் காய்த் தட்டையும் அவர்கள்தான் நமக்குப் பழக்கினார்கள்.

மொஹிங்காவை நான் விடவில்லை. மீன், வாழைத்தண்டு, கடலைமாவு போட்ட குழம்பும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்த காலைச் சாப்பாடு அது. மேலே நொறுக்கிப் போடும் சுரைக்காய் பஜ்ஜிதான் எண்ணெயை உறிஞ்சி வைத்திருப்பது, அதை மட்டும் வேண்டாம் என்கிறேன். டீக்கடைதான் கஷ்டம். டீயில் ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க் இரண்டு மேசைக்கரண்டியிலேயே 130 கலோரி, 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. மாவும் சர்க்கரையும் கொழுப்பும் ஒரே மேசையில் கூடும் இடம் அது, இச்சாக்குவே என்கிற பொரித்த மாவுத் துண்டை டீயில் முக்கித் தின்றால் கேட்கவே வேண்டாம். மேசையில் சும்மா வைக்கிற வெறும் தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்க்கை நம்பி உட்காரப் பழகிவிட்டேன். பால் டீ காலையில் ஒன்று மட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் சர்க்கரை வியாதி மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தட்டிலும் கைவைக்காதீர்கள். சில மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் சோற்றின் அளவைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான் குறைக்க வேண்டும். அத்தைக்கு அந்த மாத்திரைதான். அவர்கள் சோறு அவர்கள் நேரத்துக்கு, அவர்கள் அளவுக்கு வந்துவிட வேண்டும். எண்ணெய் டம்ளர் மட்டும் எல்லோருக்கும் பொது.