ஒரே ஐடிஐ, ரெண்டு சம்பளம்

ஐடிஐ முடித்த பையனுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டால், சம ஊதியத்துக்கு 1976-லேயே சட்டம் வந்துவிட்டதே என்கிறார்கள். சரி, வந்தது. ஆனால் வித்தியாசம் கம்பெனி கேட்டுக்குள் நுழையும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் ரெண்டு வருடப் படிப்பு, தையல் தொழில்நுட்பமும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரும் ஒரு வருடம். "உனக்கு எதுக்கும்மா இந்த மெஷின் வேலை" என்று பெண்ணை அந்த ஒரு வருடப் பக்கம் திருப்பிவிட வீட்டிலும் ஆள் உண்டு, அட்மிஷன் மேஜையிலும் ஆள் உண்டு.

அதையும் மீறி ஃபிட்டர் முடித்து வேலைக்குப் போனால் அடுத்தது ஓவர்டைம். சட்டப்படி அதற்கு இரட்டிப்புக் கூலி, மாசக் கடைசியில் கையில் நிற்கிற காசே பலருக்கு அதுதான். ஷிப்ட் முடிந்ததும் பெண்களை பஸ் ஏற்றிவிட்டு (பாதுகாப்பாம்!) அந்த மணி நேரங்களை ஆண்களுக்கே கொடுத்தால், பே ஸ்லிப்பில் அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும், எந்த ஆய்வாளர் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ போகும் பெண்களுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல விஷயம். அப்புறம்? எந்த டிரேடில் சேர்ந்தார்கள், முடித்த மூன்றாம் வருடம் கையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஆண் பெண் பிரித்து ஒவ்வொரு ஐடிஐ வாசலிலும் எழுதி ஒட்டட்டுமே, பார்ப்போம்.